ஆட்டுக்குத் தடுப்பூசி முகாம்: டெல்டா ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்து ஊர்களில் முகாம் ஏற்பாடு செய்யும் ஊராட்சிக்காரர்கள், மகளிர் குழுக்கள், உழவர் குழுக்கள் ஆகியோருக்கும், முகாமுக்கு ஆட்டைப் பிடித்து வருகிறவர்களுக்கும் எழுதியது. எந்தக் கேள்வியில் சிக்கல் அதிகமோ அதற்குப் பதிலும் நீளம்.

ஆட்டுக்கு எத்தனை ஊசிதான் போடுவது? எது முக்கியம்?

ஒரே ஒரு ஊசிதான் முடியும் என்றால் ஆட்டுக்கொல்லி ஊசியைப் போடுங்கள். பி.பி.ஆர். என்று கால்நடை மருந்தகத்தில் சொல்வதும் இதைத்தான். இந்தியாவில் இந்த நோயை முதலில் உறுதி செய்தது 1987-ல், நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே எடுத்த கிருமியைப் பலவீனப்படுத்தித் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசி விதைக்கு 'அரசூர் 87' என்றே பெயர். வடக்கே உருவான 'சுங்ரி 96' இன்னொன்று. எது கிடைத்தாலும் போடலாம். ஒரு முறை சரியாகப் போட்டால் குறைந்தது 3 வருடம் தாங்கும்.

அடுத்தது துள்ளுமாரி. இது குடலில் ஏற்கெனவே இருக்கிற நுண்ணுயிர் திடீரென்று பெருகி நஞ்சு விடுவதால் வருவது. கொழுத்த ஆடாகப் பார்த்து அடிக்கும். சாயங்காலம் நன்றாக மேய்ந்த ஆடு காலையில் கால் விறைத்துக் கிடக்கும். முதல் வருடம் 2 டோஸ் வேண்டும், இடையில் 2 முதல் 3 வாரம். பிறகு ஆண்டுதோறும்.

செம்மறி என்றால் ஆட்டம்மையும் நீலநாக்கும் சேரும். கோமாரி ஊசி, ஊரில் மாடுகளுக்குப் போடும்போது ஆடுகளுக்கும் கிடைத்தால் விடாதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) ஊசி எல்லா ஊருக்கும் இல்லை. முன்பு அடைப்பான் கண்ட ஊருக்கு மட்டும், மருத்துவர் சொன்னால் மட்டும்.

எந்த மாதம் எதைப் போடுவது?

சுவரில் ஒட்டும் அட்டவணை எல்லா மாவட்டத்துக்கும் ஒன்றுபோல இருக்கும். டெல்டாவில் ஆடு நெல்லைப் பார்த்து நடக்கிறது. அதனால் அட்டவணையை நெல்லோடு பொருத்த வேண்டும்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. ஆவணியில் சம்பா நாற்று, நடவு. வயலில் பயிர் நிற்கும் வரை ஆட்டை அவிழ்த்துவிடக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. ஆடு வீட்டு வாசலில், வாய்க்கால் கரையில், தென்னை மரத்தடியில் கட்டிக் கிடக்கும். இது 'கட்டுக் காலம்'. தை, மாசியில் சம்பா அறுத்ததும் கதவு திறந்தது போலாகிவிடும். ஊர் ஆடு முழுக்க வயலில். இது 'அவிழ்ப்புக் காலம்'. முகாமின் எல்லா முடிவும் இந்த இரண்டில் எதில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆட்டுக்கொல்லி ஊசிக்குத் தை முதல் பங்குனி வரை நல்லது. மழை இல்லை, ஆடு தெளிவாக இருக்கும். வெளியூர்க் கிடைகள், அதாவது அறுத்த வயலில் இரவு அடைத்துவைக்கும் ஆட்டு மந்தைகள், வந்து ஊர் ஆட்டோடு கலக்கிற காலமும் இதுதான். கலந்த பிறகு போடுவதைவிட அறுப்பு தொடங்கும்போதே போட்டுவிடுவது மேல்.

துள்ளுமாரிக்குத்தான் டெல்டாவில் பலரும் நாளைத் தவறவிடுகிறார்கள். மழைப்புல் முளைத்தால் வரும் நோய் என்று மட்டும் நினைக்கிறோம். நம் ஊரில் இன்னொரு வாசலும் உண்டு: அறுவடை வயலில் சிந்திக் கிடக்கும் நெல். திடீரென்று வயிறு நிறைய மாவுச்சத்து போனால் அந்த நுண்ணுயிருக்கு விருந்து. அதனால் ஆடிக் கடைசியில் முதல் டோஸ், ஆவணியில் இரண்டாம் டோஸ் என்று முடித்தால் குறுவை நெல், ஐப்பசிப் புல், தை மாத நெல் மூன்றையும் தாண்டலாம். அதற்குப் பின் ஊசி வயது எட்டிய குட்டிகளுக்கு மார்கழியில் இரண்டு டோஸையும் அறுப்புக்கு முன் கொடுத்துவிட வேண்டும்.

நீலநாக்கு, கொசுவைவிடச் சின்னதான ஒரு பூச்சி கடித்துப் பரவுவது. வடகிழக்கு மழையில் சேறும் சாணமும் சேரும்போது பூச்சி பெருகும். ஆவணி, புரட்டாசிக்குள் போட்டால்தான் பயன். கார்த்திகையில் செம்மறி வாய் வீங்கி நிற்கும்போது ஊசி கேட்டு ஓடுவதில் பலன் குறைவு.

முகாமை எங்கே, எத்தனை மணிக்கு வைப்பது?

கட்டுக் காலத்தில் முகாம் என்று ஓர் இடமே வேண்டாம். வீடு வீடாகப் போங்கள். 4 ஆடு வைத்திருக்கும் அக்கா அவற்றை இழுத்துக்கொண்டு அரை மைல் நடந்து வரிசையில் நிற்க மாட்டார். வந்தாலும் எல்லா வீட்டு ஆடும் ஓரிடத்தில் மூக்கோடு மூக்கு உரசி நிற்பது நோய் பரப்ப நல்ல வழி.

அவிழ்ப்புக் காலத்தில் தெருவுக்கு ஓர் இடம். காலை 6 மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிக்க வேண்டும். ஆடு வளர்ப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்றே வைத்துக்கொண்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் காலையிலேயே வேலை இடத்தில் இருந்தாக வேண்டும். 10 மணிக்கு ஜீப் வந்து நின்றால் தெருவில் கிழவரும் நாயும்தான் இருப்பார்கள். ஆடு வரப்பில் எங்கோ இருக்கும்.

ரேஷன் போடும் நாள், வாரச்சந்தை நாள், ஊர்த் திருவிழா, நடவு உச்சத்தில் இருக்கும் வாரம் இவற்றைத் தவிருங்கள். நாள் குறிக்கும்போது குழுத் தலைவி ஒருவரையும், ஆடு மேய்க்கும் ஒருவரையும் கேட்டுவிட்டுக் குறிப்பது போதும். கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுத வேண்டியதில்லை.

அறிவிப்பு: 3 நாள் முன்பு ஒரு தடவை, முதல் நாள் சாயங்காலம் ஒரு தடவை. தண்டோராவை நிறுத்தும்படி அரசு 2022-லேயே சொல்லிவிட்டது. ஆட்டோவில் ஒலிபெருக்கி, கோயில் மைக், பள்ளிவாசல் மைக் போதும். 'தடுப்பூசி முகாம் நடைபெற உள்ளது' என்று மட்டும் சொன்னால் குழந்தைகளுக்கா மாட்டுக்கா என்று கேட்பார்கள். இப்படிச் சொல்லுங்கள்: 'நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஆட்டுக்கு ஊசி. ஆட்டுக்கொல்லி ஊசி. காசு இல்லை. ஆட்டை அவுக்காதீங்க, கட்டியே வைங்க.' கடைசி வாக்கியம்தான் வேலை செய்கிற வாக்கியம்.

ஊரில் எத்தனை ஆடு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய கணக்கை நம்பாதீர்கள். ஆடியில் கிடா வெட்டு, தீபாவளி, பக்ரீத் என்று ஒவ்வொன்றும் ஆட்டுக் கணக்கை மாற்றும். முகாமுக்கு ஒரு வாரம் முன் தெருவுக்கு ஒரு பெண் நோட்டோடு போய்வந்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். வீட்டுப் பெயர், வெள்ளாடு, செம்மறி, 3 மாதத்துக்கு உட்பட்ட குட்டி, செனை எத்தனை மாதம், சீக்கு ஆடு இருக்கிறதா. இவ்வளவுதான் கேள்வி.

கேட்கும் முறையில் ஒரு நுணுக்கம். 'எத்தனை ஆடு இருக்கு?' என்றால் வரி, கடன் நினைவுக்கு வந்து குறைத்துச் சொல்வார்கள். 'எத்தனை ஆட்டுக்கு ஊசி எடுத்து வைக்கணும் அக்கா?' என்று கேட்டால் சரியான எண் வரும். வாரத்துக்கு (பங்குக்கு) வளர்க்கும் ஆடு யார் கணக்கு என்ற குழப்பமும் வரும். ஆடு யார் வாசலில் கட்டியிருக்கிறதோ அவர் கணக்கு என்று முதலிலேயே வைத்துவிடுங்கள்.

100 டோஸ் பாட்டிலா, 50 டோஸ் பாட்டிலா?

ஆட்டுக்கொல்லி மருந்து உலர்ந்த வில்லையாக இருக்கும். கரைப்பானில் கலந்த பிறகு பனிக்கட்டியில் வைத்து 2 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தைச் சாயங்காலம் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டு போனால் வெறும் தண்ணீரைத்தான் குத்துகிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். வீடு வீடாகப் போனால், பிடிக்க ஒருவர், குத்த ஒருவர், எழுத ஒருவர் உள்ள ஒரு குழு மணிக்கு 25 முதல் 30 ஆடு முடிப்பதே நல்ல வேகம். 2 மணி நேரத்தில் 50, 60. அதற்கு 50 டோஸ் பாட்டில்தான் பொருத்தம். அவிழ்ப்புக் காலத்துத் தெரு முகாமில், அல்லது கிடையில், மணிக்கு 80, 100 கூடப் போகும். அங்கே 100 டோஸ். மருந்தகத்தில் கேட்கும்போதே எந்த அளவு வேண்டும் என்று சொல்லுங்கள். கடைசி 8 ஆட்டுக்கு ஒரு புதுப் பாட்டிலை உடைக்க வேண்டி வந்தால் உடையுங்கள். மருந்தை மிச்சப்படுத்துவதற்காக 8 வீட்டைத் திருப்பி அனுப்பினால் அடுத்த வருடம் அந்த 8 வீடும் வராது.

குளிர்ச்சி என்கிறீர்களே, எவ்வளவு?

2 முதல் 8 டிகிரி. ஆனால் இரண்டு வகை மருந்துக்கும் இரண்டு விதமான எதிரி. ஆட்டுக்கொல்லி, ஆட்டம்மை இரண்டும் உயிருள்ள கிருமி மருந்து, வெயில்தான் எதிரி. துள்ளுமாரி, கோமாரி, நீலநாக்கு ஆகியவை உயிரற்றவை, உறைந்துபோவதுதான் எதிரி. ஒரு முறை உறைந்தால் பிறகு உருகினாலும் வீண்.

ஆகவே உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பையை நேராக மருந்துப் பெட்டியில் போட வேண்டாம். வெளியே வைத்து, மேலே வியர்த்து, உள்ளே ஆட்டினால் தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகு போடுங்கள். பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றுங்கள். கடற்கரை ஊர்களில் மீன் ஐஸ் சுலபமாகக் கிடைக்கும். பயன்படுத்தலாம், உப்புக் கலக்காததாக இருந்தால். உப்புச் சேர்ந்த ஐஸ் 0 டிகிரிக்கும் கீழே போகும், பாட்டில் உறையும்.

உறைந்து கெட்ட துள்ளுமாரி மருந்தைக் குலுக்கி வைத்தால் திரிதிரியாக வேகமாக அடியில் இறங்கும். நல்லது பால் போலக் கலங்கி மெல்லப் படியும். சந்தேகமான பாட்டிலை வைத்துக்கொண்டு விவாதிக்காதீர்கள், ஒதுக்கிவிடுங்கள்.

கரைப்பானும் குளிர்ந்திருக்க வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள். மருந்து பெட்டியில், கரைப்பான் ஜீப் டேஷ்போர்டில். பங்குனி வெயிலில் அந்தச் சூட்டுக் கரைப்பானை ஊற்றியவுடன் பாதி வேலை முடிந்துவிடும், தவறான பக்கத்தில்.

ஊசி போடும் முறையில் எங்கே தவறு நடக்கிறது?

ஐந்து இடத்தில்.

ஸ்பிரிட். உயிருள்ள கிருமி மருந்துக்கான சிரிஞ்சை ஸ்பிரிட்டாலோ டெட்டாலாலோ கழுவினால் மருந்து சிரிஞ்சுக்குள்ளேயே செத்துவிடும். கொதிக்க வைத்து ஆற வைத்தது, அல்லது புதியது. குத்தும் இடத்தையும் ஸ்பிரிட்டில் நனைக்க வேண்டாம். சேறு இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

அளவு. ஆட்டுக்கொல்லி ஊசி குட்டிக்கும் கிடாவுக்கும் ஒரே 1 மி.லி. தான். 'குட்டிதானே, அரை போதும்' என்பது மருத்துவம் இல்லை, சிக்கனம். துள்ளுமாரியின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாட்டிலைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

தானியங்கி சிரிஞ்ச். தொடங்கும் முன் 10 முறை அளவுக் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். 10 மி.லி. வர வேண்டும். 8 வந்தால் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. பிறகு கொதிநீரில் போட்டு எடுத்து ஆற வையுங்கள்.

இடம். தோலுக்கு அடியில், முன்னங்கால் தோளுக்குப் பின்னால் அல்லது கழுத்துப் பக்கவாட்டில். தோலைக் கூடாரம் போல இழுத்துப் பிடித்து அடிவாரத்தில் குத்த வேண்டும். செம்மறியின் மயிர் அடர்த்தியில் ஊசி மறுபக்கம் வெளியே வந்து மருந்து மயிரில் கொட்டும். குத்திய விரல் ஈரமானால் அந்த ஆட்டுக்கு ஊசி போடவில்லை என்று பொருள்.

ஊசி முனை. குறைந்தது வீட்டுக்கு ஒரு புது முனை. பக்கத்து ஊரில் நோய் இருந்தால் ஆட்டுக்கு ஒன்று. முனை வாங்கப் பணம் இல்லை என்பது பல முகாம்களில் கேட்கிற பதில். ஊராட்சியோ குழுவோ முதலில் வாங்கித் தர வேண்டியது டீயும் பந்தலும் இல்லை, இதுதான்.

செனை ஆட்டுக்குப் போடலாமா? கருக்கலையும் என்கிறார்களே.

'ஊசி போட்டா செனை தங்காதுங்கிறாங்களே தம்பி?' என்று கேட்டால், 'தங்கும்' என்று அடித்துச் சொல்லிவிட்டுக் குத்தாதீர்கள். 'எத்தனை மாசச் செனை அக்கா?' என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆட்டின் செனைக் காலம் சுமார் 150 நாள். ஆட்டுக்கொல்லி ஊசி மருந்தால் கரு கலைவதில்லை. கலைப்பது பிடிக்கிற விதம். ஓடவிட்டுத் துரத்தி, காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, வயிற்றில் முழங்காலை வைத்து அழுத்தினால் ஊசி இல்லாமலே கலையும். முதல் மாதமும் கடைசி மாதமும் இருக்கும் ஆடுகளைப் பெரும் கூட்டத்தில் இழுக்க வேண்டாம். பெயரை எழுதி வைத்துக்கொண்டு இரண்டாம் சுற்றில் வாசலிலேயே, வீட்டுக்காரரே பிடிக்க, போடுங்கள். துள்ளுமாரி மட்டும் மாறுபட்டது: குட்டி போட 4 முதல் 6 வாரம் இருக்கும்போது தாய்க்குப் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு போகும்.

குட்டிக்கு எப்போது?

3 மாதம் முடிந்து, 4-ம் மாதத்துக்குள். அதற்கு முன் சீம்பாலில் வந்த எதிர்ப்பு, ஊசி மருந்தையே அடித்துவிடும்.

ஊசி போட்ட நாலாம் நாள் ஆடு செத்தது. ஊசியால்தானே?

ஓர் ஊரில் முகாம் நிற்பதும் தொடர்வதும் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதில்தான். 'இல்லை' என்ற ஒற்றைப் பதில் யாரையும் சமாதானப்படுத்தாது, நியாயமும் இல்லை. எப்படிச் செத்தது, எத்தனையாவது நாள் என்று பார்க்க வேண்டும்.

அரை மணி நேரத்துக்குள் என்றால் ஒவ்வாமை. அது ஊசியால் வந்ததுதான், மறைக்க வேண்டாம். அபூர்வம், ஆனால் உண்டு.

2 முதல் 8 நாளுக்குள், காய்ச்சல், மூக்கில் சளி, கண்ணில் பீளை, ஈறிலும் நாக்கிலும் தவிடு ஒட்டியது போல வெள்ளை, நாற்றமான கழிச்சல் என்றால் ஆட்டுக்கொல்லிதான். ஊசி தந்த நோய் இல்லை. ஊசி போட்ட அன்றே கிருமி உள்ளே இருந்திருக்கிறது. அது வெளியே தெரிய 4 முதல் 6 நாள் எடுக்கும். ஊசி காப்புக் கொடுக்க 10 முதல் 14 நாள் ஆகும். நோய் முந்திக்கொண்டது. பக்கத்துத் தெருவில் இருமல் கேட்ட பிறகு ஓடி வந்து முகாம் போட்ட ஊர்களில் இது கட்டாயம் நடக்கும். அதனால்தான் நோய் இல்லாத மாதத்தில் போடச் சொல்வது.

அறுவடை வாரமாக இருந்து, ஆடு வயிறு உப்பி, பல் கடித்து, தள்ளாடி, புளித்த நாற்றத்தோடு கழிந்து செத்திருந்தால் நெல் தின்று வந்த செரிமானக் கோளாறு. எந்த ஊசியும் இதைத் தடுக்காது. அறுத்த வயலில் முதல் சில நாள் வைக்கோல் போட்டு வயிற்றை நிரப்பிவிட்டு அரை மணி, ஒரு மணி மட்டும் அவிழ்ப்பதுதான் வழி.

ஒரே கொட்டகையில் 4, 5 ஆட்டுக்கு ஊசி போட்ட இடம் வீங்கிக் கறுத்து அழுகினால் முனை சுத்தமில்லை. இதை முகாம் நடத்தியவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், சிகிச்சையும் செய்து தர வேண்டும்.

இவற்றை நடந்த பிறகு விளக்குவதில் பயன் குறைவு. ஊசி போடும்போதே சொல்லுங்கள்: 'பெரியம்மா, ரெண்டு நாள் லேசா காய்ச்சல் இருக்கும், மேய்ச்சல் குறையும். ஒரு வாரத்துக்குள்ள சளி, கழிச்சல் வந்தா முன்னாடியே உள்ள இருந்த சீக்கு. உடனே சொல்லி அனுப்புங்க.' 15 நாள் வரை எந்த ஆடு செத்தாலும் புதைக்கும் முன் மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும். 1962 என்ற எண் கால்நடை அவசர ஊர்திக்கு. உடல் அறுத்துப் பார்த்து, 'இது இதனால் செத்தது' என்று வீட்டுக்காரர் முன்னால் ஒரு முறை காட்டினால், அந்தத் தெருவில் அடுத்த வருடம் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஒவ்வாமை வந்தால் என்ன செய்வது?

உதடும் கண்ணிமையும் வீங்கும், வாயில் நுரை, நடுக்கம், மூச்சுத் திணறல், விழுதல். அட்ரினலினும் ஒவ்வாமை ஊசியும் முகாம் பெட்டியில் இருக்க வேண்டும், மருத்துவர் கையில். ஜீப்பில் இருக்கிறது என்பது போதாது. ஊசி போட்ட பின் அரை மணி நேரம் குழு அந்தத் தெருவைவிட்டுப் போகக் கூடாது. ஆட்டை நிழலில் வையுங்கள், கழுத்துக் கயிற்றைத் தளர்த்துங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஊசி போட்ட இடத்தில் கட்டி?

துள்ளுமாரி, கோமாரி ஊசிகளில் நெல்லிக்காய் அளவு கட்டி வருவது வழக்கம். சில வாரத்தில் கரையும். கீறக் கூடாது, சுண்ணாம்பு தடவ வேண்டாம். சூடாக, வலியோடு, நாளுக்கு நாள் பெருத்தால் காட்டுங்கள். 3 வாரத்துக்குள் விற்கப்போகும், அறுக்கப்போகும் கிடாவுக்கு இந்த ஊசிகளை அன்று போடாமல் விடலாம். கட்டியைக் காட்டி வியாபாரி விலையைக் குறைப்பார், சண்டை நம் தலையில் விழும்.

குடற்புழு மருந்து முன்பா, பின்பா?

முன்பு. 2 வாரத்துக்கு முன்பு. புழு நிறைந்த ஆட்டில் ஊசி சரியாக ஏறாது. டெல்டாவில் உருண்டைப் புழுவுக்கான மருந்து மட்டும் போதாது. வாய்க்கால் நத்தை வழியாக வரும் தட்டைப்புழு நம் ஊர் ஆட்டில் அதிகம். அதற்கு மருந்து வேறு. தாடை கீழே பை போல நீர் கோத்து, கழிச்சலும் இருந்தால் தட்டைப்புழுவைச் சந்தேகப்பட்டுச் சாணியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அல்பெண்டசோலை முதல் மாதச் செனைக்குக் கொடுக்கக் கூடாது, குட்டி ஊனமாகலாம். இந்தப் பழியும் பிறகு ஊசி மேல்தான் விழும்.

இரண்டு ஊசி ஒரே நாளில்?

மருத்துவர் சொன்னால் ஒழிய வேண்டாம். இடையில் 2, 3 வாரம் விடுங்கள். ஒரே சிரிஞ்சில் இரண்டு மருந்தைக் கலப்பது எந்த நிலையிலும் கூடாது.

கிடை ஆடுகளை யார் கணக்கில் சேர்ப்பது?

யார் கணக்கிலும் இல்லாததுதான் பிரச்சினை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் (கிடை ஆட்டை ஓட்டிவரும் மேய்ப்பர்கள்) மாசியில் வந்து, வயலுக்கு வயல் கிடை போட்டு, தண்ணீர் திறக்கும்போது திரும்புகிறார்கள். சொந்த ஊரில் முகாம் நடக்கும்போது ஆடு இங்கே; இங்கே நடக்கும்போது 'வெளியூர் ஆடு' என்று ஒதுக்கம். கிடை போட அழைக்கும் நில உடைமையாளரிடம் ஒரு வேலையை ஒப்படைக்கலாம்: எந்தக் கிடை, எந்த வயலில், எத்தனை இரவு என்று மருந்தகத்துக்குச் சொல்லிவிடுவது.

விடியலில், பட்டி திறக்கும் முன் போக வேண்டும். 'அண்ணே, எத்தனை மணிக்கு அவுப்பீங்க?' என்று முதல் நாளே கேட்டுக்கொண்டு அதற்கு 2 மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கிடை வலையையும் தட்டியையும் வைத்து ஓர் ஆடு மட்டும் போகும் அகலத்தில் சந்து கட்டச் சொல்லுங்கள். அவர்கள் பத்து நிமிடத்தில் கட்டிவிடுவார்கள், நமக்கு அரை நாள் ஆகும். பிடிப்பதும் அவர்களே. ஊசி முடிந்த ஆட்டுக்கு முதுகில் நிறம். முதலில் தாய், கடைசியில் குட்டிகள். குட்டியை முதலில் தொட்டால் கத்தலில் கிடை முழுக்க மிரளும்.

முடிந்ததும் கையெழுத்திட்ட ஒரு சீட்டு: ஊசியின் பெயர், தேதி, மருந்துப் பாட்டில் எண், எத்தனை ஆடு. அடுத்த மாவட்டத்தில் அந்தச் சீட்டு இல்லையென்றால் மறுபடி குத்துவார்கள், அல்லது 'போட்டாச்சு' என்ற வாய்ச்சொல்லை நம்பி விடுவார்கள்.

நோய் வந்துவிட்ட ஊரில் ஊசி போடலாமா?

போடலாம், வரிசை மாற்றி. வெளியே இருக்கும் ஊர்களில் தொடங்கி உள்ளே வர வேண்டும். நோய் கண்ட தெரு கடைசி. சீக்கு ஆட்டுக்கு ஊசி இல்லை, சிகிச்சைதான். அதே குழு, அதே செருப்பு, அதே கயிற்றோடு நோய்த் தெருவிலிருந்து நல்ல தெருவுக்கு வந்தால் ஊசியோடு நோயையும் விநியோகித்ததாகும். செத்த ஆட்டை வாய்க்காலில் விடாமல், ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் கடைமடை ஊர்களில் மேட்டுத் திடலைத் தேட வேண்டியிருக்கும். அந்த இடத்தை ஊராட்சி முன்கூட்டியே குறித்து வைப்பது நல்லது.

சந்தையில் வாங்கிய ஆடு?

டெல்டாவுக்குள் ஆட்டுக்கொல்லி நுழைகிற வழக்கமான பாதை இது. அரசு விலையில்லா ஆடுகளும் பெரும்பாலும் சந்தையில் வாங்கியவைதான். 3 வாரம் தனியாகக் கட்டுங்கள். இடம் இல்லையென்றால் குறைந்தபட்சம் வேறு தொட்டி, வேறு தழை, மற்ற ஆடுகள் பக்கம் காற்று வீசாத இடம். நலமாக இருந்தால் அந்தத் தனிமையிலேயே ஊசி போட்டுவிட்டுச் சேருங்கள்.

வரவே மாட்டேன் என்பவர்களை என்ன செய்வது?

சண்டை போடாதீர்கள். பாதிப் பேருக்குக் காரணம் உண்டு. முந்தைய முகாமில் ஆடு போயிருக்கும். அடையாளத்துக்குக் காதுவில்லை மாட்டிய இடம் புழு வைத்திருக்கும். நேர்ந்துவிட்ட கிடாவின் காதில் துளை போடச் சம்மதம் இருக்காது. அங்கே கொம்பில் நிறம் பூசி, ஊசியை மட்டும் போட்டுவிடலாம். வீட்டில் ஆண் இல்லாத நேரத்தில் முடிவெடுக்கத் தயங்குபவருக்குப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போடுவதைப் பார்த்தாலே பாதித் தயக்கம் போகும். ஆகவே ஊரில் நன்றாக ஆடு வளர்க்கிற பெயருள்ள ஒருவர் வீட்டில் முதல் ஊசி. தலைவர் வீட்டில் ஆடு இல்லையென்றால் அவர் வீட்டில் தொடங்கி என்ன பயன்?

நாமே போட்டுக்கொள்ளலாமா?

பிடிக்கலாம், எழுதலாம், ஐஸ் சுமக்கலாம். ஊசி, மருத்துவர் அல்லது அவர் மேற்பார்வையில் பயிற்சி பெற்றவர் கையில். கடையில் வாங்கிச் சட்டைப் பையில் கொண்டுவந்த மருந்து 1 டோஸ் என்றாலும் வேலை செய்யாது.

எத்தனை ஆட்டுக்குப் போட்டால் ஊர் தப்பும்?

ஆட்டுக்கொல்லிக்கு நூற்றுக்கு 80-ஐக் குறியாக வையுங்கள். ஆனால் எதில் 80? முகாமுக்கு வந்த ஆட்டில் அல்ல, நோட்டில் எழுதிய மொத்தத்தில். 300 ஆடு உள்ள ஊர் என்று வையுங்கள். 40 குட்டிக்கு வயது இல்லை, 15 செனையை ஒத்திவைத்தீர்கள், 5 சீக்கு, 30 மேய்ச்சலுக்குப் போய்விட்டன. மிச்சம் 210-க்கு ஒன்று விடாமல் போட்டாலும் 70 தான். முகாம் 'முழு வெற்றி' என்று படம் எடுத்துப் போட்ட ஊர்களில் நோய் வருவது இப்படித்தான்.

அதனால் இரண்டாம் சுற்று. 10 நாள் கழித்து, அதே நோட்டு, காலியாக இருக்கும் வீடுகள் மட்டும். ஒரே குழு, ஒரே காலை, ஒரு 50 டோஸ் பாட்டில். மூன்று மாதம் கழித்து மறுபடி நோட்டைத் திறந்தால் அந்த 40 குட்டிக்கும் வயது வந்திருக்கும். அதில் எத்தனை இன்னும் ஊரில் இருக்கிறது என்று தெருப் பெண்ணே சொல்லிவிடுவார்.